உள்துறை அமைச்சருக்குப் பக்கத்துத் தோட்டம்

சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள அட்லிஸ்வில்லில் குலேந்திரனைத் தெரியாத தமிழர் குறைவு. முருகன் கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சாம்பார் வைக்கிறவர் அவர்தான். முப்பது வருடமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, மனைவி செல்வராணி, படித்து முடித்து வேறு ஊர்களில் வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கதைக்க மாட்டார். இந்த மனிதரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

நான் ராஜேஸ்வரி. இந்தப் பக்கத்தில் யாருக்கு டொச்சில், அதாவது ஜெர்மனில், கடிதம் வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வரும். வரிக் கடிதம், காப்புறுதிக் கடிதம், வீட்டுக்காரன் கடிதம் எல்லாம் வாசித்துச் சொல்வேன். "உதைக்கூட வாசிக்கத் தெரியாமல் முப்பது வருசம் இஞ்சை என்ன செய்தனீர்?" என்று ஏசவும் செய்வேன். ஏச்சுக்குப் பயந்து இதுவரை ஒருவரும் வராமல் விட்டதில்லை.

அந்தச் சித்திரையில் குலேந்திரன் கொண்டுவந்த கடிதத்தை வாசித்துவிட்டு நான் ஏசவில்லை. தலைநகர் பேர்ணிலிருந்து அரச வழக்குத்தொடுநர் எழுதியிருந்தார். ஸ்டோயன் என்பவர் மீதான வழக்கில் சாட்சியாக வர வேண்டுமாம்.

ஸ்டோயனை எனக்கும் தெரியும். சீல் ஆற்றங்கரையில் சங்கம் ஒன்று ஆட்களுக்குத் துண்டு துண்டாகத் தோட்டம் கொடுக்கிறது. வேலி இவ்வளவு உயரம்தான், ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் போடக்கூடாது என்று நூறு சட்டம். குலேந்திரனுடைய துண்டில் பச்சை மிளகாய், கத்தரி, முளைக்கீரை. பக்கத்துத் துண்டில் குடைமிளகாயும் இரண்டு பிளம்ஸ் மரமும். அதுதான் ஸ்டோயனுடையது. மகளோடு வந்து தங்கிவிட்ட, எண்பதைத் தொடும் மனிதர். பால்கன் பக்கத்து நாடொன்றிலிருந்து வந்தவர். வைகாசியில் திடீரென்று உறைபனி விழுந்தால் தன் செடிகளுக்கு முன் குலேந்திரனின் மிளகாய்க் கன்றுகளைத்தான் மூடிவிடுவார். குலேந்திரன் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குப் போய்ப் படுத்திருந்த ஒரு மாதமும் இவருடைய தோட்டத்துக்கு அவர்தான் தண்ணீர் விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பூவோடு வந்த ஒரே வெள்ளைக்காரரும் அவர்தான்.

அப்படிப்பட்டவரைப் பங்குனியில் ஒருநாள் காலை பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேப்பரில் படம் வந்த பிறகுதான் அவர் தன் நாட்டில் உள்துறை அமைச்சராக இருந்தவர் என்பதே எங்களுக்குத் தெரியவந்தது.

குலேந்திரன் கிடைத்த பேப்பரையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார். நான் வாசித்தேன். கிராமத்துத் தபால்காரரின் மகன், சட்டம் படித்தவர், பொலிசில் படிப்படியாக ஏறி மூன்றே மூன்று வருடம் அமைச்சராக இருந்தவர். அந்த மூன்று வருடத்தில்தான் அங்கே சண்டை. ஒரு பழைய சீனித் தொழிற்சாலையில் பொலிசார் ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள். அறுபத்தொரு பேர் திரும்பி வரவில்லை. கட்டளை போட்டதே அவர்தான் என்றது ஒரு பேப்பர். விஷயம் தெரிந்ததும் அந்த இடத்தை மூடச் சொன்னார், அதனால்தான் பதவி போனது என்றது இன்னொன்று. வேறு நாட்டில் நடந்த குற்றமென்றாலும், ஆள் இங்கே இருந்தால் இங்கேயே வழக்குப் போடலாமாம். அவருடைய நாட்டு நீதிமன்றம் ஒருதரம் அவரை விடுவித்திருக்கிறது. அந்த வழக்கில் சாட்சி சொல்ல இருந்த இரண்டு பேர் அதற்கு முன்பே செத்துப்போனார்களாம். ஒரு ஊரில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. பக்கத்து ஊரில் வருடாவருடம் அவருடைய கொடும்பாவியை எரிக்கிறார்கள்.

"அப்ப ஆள் நல்லவரோ கூடாதவரோ, அக்கா?" என்று குலேந்திரன் கேட்டார்.

"அது பேப்பரில போடேல்லை," என்றேன். எனக்கே தலை கிறுகிறுத்துப் போயிருந்தது.

கோவிலிலும் இதே கதைதான். மேலே இருக்கிறவனுக்குத் தெரியாமல் கீழே ஒன்றும் நடக்காது என்றார் ஒருவர். சண்டை என்று வந்தால் நாலும் நடக்கும், அதற்கு மந்திரி என்ன செய்வார் என்றார் மற்றவர். கொஞ்ச நேரத்தில் பேச்சு எங்கள் நாட்டுச் சண்டைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கும் திரும்பியது. உடனே இருவரும் இடம் மாறிக்கொண்டு அதே வாதத்தைத் தொடர்ந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரசாதம் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

கடிதம் வந்த அன்றைக்குத்தான் குலேந்திரன் என் குசினி மேசையில் இருந்து வாயைத் திறந்தார்.

"அக்கா, ஸ்டோயன்ர லோயர்தான் என்ர பேரைக் குடுத்திருக்கிறார். நான் முந்தி ஸ்டோயனுக்கு ஒரு விசயம் சொன்னனான். செல்வராணிக்குச் சொல்லாத விசயம்."

செல்வராணியின் அண்ணன் நகுலேசன் காணாமல் போனவர். அது ஊருக்கே தெரிந்த கதை. தொண்ணூற்றொன்றில் வெளிநாடு வருவதற்காக அவரும் குலேந்திரனும் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒன்றாக இருந்தவர்கள். குலேந்திரனைத் தெருவில் வைத்துப் பொலிஸ் பிடித்தது. ஒன்பது நாளில் விட்டுவிட்டது. அதற்குள் நகுலேசன் இல்லாமல் போய்விட்டார். எங்கே போனார், யார் பிடித்தது என்று தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் குலேந்திரன் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருந்தார். ஆறு வருடம் கழித்து, காணாமல் போன சினேகிதனின் தங்கையைச் சீதனம் கேளாமல் இங்கே எடுப்பித்துக் கலியாணம் கட்டியவர் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர்.

"அவங்கள் கேட்டது, உன்னோடை வந்தவன் ஆர் எண்டு. நகுலேசன்ர பேரையும் லொட்ஜையும் அறை நம்பரையும் நான்தான் சொன்னனான். அடுத்த நாள் பக்கத்து அறையில அவன்ர குரல் கேட்டது. அதுக்கடுத்த நாள் கேக்கேல்லை."

நான் எழும்பிப் போய் அடுப்பில் கேத்தலை வைத்தேன்.

இங்கே அகதி விசாரணையிலும் அவர் அதைச் சொல்லவில்லை. மொழிபெயர்க்க வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். சொன்னால் ஒரு மாதத்துக்குள் நகுலேசன் வீட்டுப் படலைக்குக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே, "அடிச்சவங்கள், விட்டிட்டாங்கள்" என்று முடித்துக்கொண்டார். அதன் பிறகு இருபத்தேழு வருடம் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு புரட்டாதிப் பின்னேரம், தோட்டத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துகொண்டு, ஏன் உன் நாட்டைவிட்டு வந்தாய் என்று ஸ்டோயன் கேட்டிருக்கிறார். குலேந்திரன் சொல்லிவிட்டார். தமிழில் வராதது, சமையலறையில் பொறுக்கிய அரைகுறை டொச்சில் வந்துவிட்டது. கேட்டவருடைய டொச்சும் அரைகுறைதான்.

"தொப்பியைக் கழட்டிப்போட்டு அழுதவர், அக்கா. கண்ணீர் வழிய வழிய அழுதவர். பிறகு சொன்னவர், எல்லாரும் பேர் சொல்லுவினம், சிலர் முதல் நாள், சிலர் மூண்டாம் நாள், நாலாம் நாளுக்குப் போறவன் ஒருத்தனும் இல்லை, உன்னில பிழை இல்லை எண்டு. அண்டைக்குத்தான் நான் ஒழுங்கா நித்திரை கொண்டனான். அந்த வார்த்தையை வைச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான்." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இப்பதான் யோசிக்கிறன். நாலாம் நாளுக்கு ஒருத்தரும் போறேல்லை எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப செல்வராணியைக் கட்டினது பாவம் கழுவவோ?" என்று நேராகவே கேட்டேன்.

"முதல் அப்பிடித்தான், அக்கா. பிறகு இல்லை."

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. நல்ல மனிதர் என்று நினைத்திருந்த இரண்டு பேரில் ஒருவரைப் பற்றியும் இப்போது எனக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

குலேந்திரன் மாட்டுப்பட்டிருந்த இடம் இதுதான். அழுதார், ஆறுதல் சொன்னார் என்பதோடு நிறுத்தினால் ஸ்டோயனுக்கு நல்லது. அந்த நாள் கணக்கையும் சொன்னால் அவருக்கு அதைவிடக் கூடாதது வேறில்லை. எதைச் சொன்னாலும், அதற்கு முன் கொழும்புப் பொலிசுக்குத் தான் என்ன சொன்னார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அது எழுத்தில் ஏறும், நீதிமன்றத்தில் வாசிக்கப்படும், பேப்பரில் வரும். எங்கள் ஆட்கள் வாசிக்காத பேப்பர் இல்லை. பிறகு செல்வராணிக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? அண்ணனைக் காட்டிக்கொடுத்தவனோடு இருபத்தேழு வருடம் வாழ்ந்தேன் என்று தெரிந்தபிறகும் அவள் அந்த வீட்டில் இருப்பாளா?

"ஒண்டும் நினைவில்லை எண்டு சொல்லட்டோ?" என்று வைகாசியில் இரண்டு தரம் கேட்டார். சொல்லும் என்று ஒருதரமும், சொல்லாதையும் என்று ஒருதரமும் சொன்னேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் தருகிறோம் என்று பேர்ணிலிருந்து எழுதினார்கள். வேண்டாம் என்று எழுதச் சொன்னார் குலேந்திரன். "வாறவன் எங்கட ஆள் ஆரின்ரயும் மச்சானாத்தான் இருப்பான், அக்கா. செல்வராணிக்கு நான்தான் சொல்லவேணும்." அவர் சொல்லத்தான் போகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனியில் ஒரு வியாழக்கிழமை. ரயிலில் நானும் கூடப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. மூன்று மணித்தியாலம் வெளியே கிடந்த மரவாங்கில் இருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது அவர்தான் சொன்னார்.

கேள்வி கேட்டது ஒரு பெண். மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டோயனும் லோயரும். ஸ்டோயன் நல்லாய் மெலிந்திருந்தார். குலேந்திரன் தன் சமையலறை டொச்சில் ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். நகுலேசனின் பெயரைச் சொன்னதைச் சொன்னார். ஸ்டோயன் அழுததைச் சொன்னபோது லோயர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினாராம். நாலாம் நாளைப் பற்றிச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டாராம்.

கடைசியில், சாட்சியிடம் ஏதும் கேட்க வேண்டுமா என்று அந்தப் பெண் ஸ்டோயனைக் கேட்டிருக்கிறாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குலேந்திரன், உன்ர மனுசிக்கு இது தெரியுமோ?"

லோயரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாராம்.

"இண்டைக்குப் பின்னேரம் தெரியும்," என்று குலேந்திரன் சொன்னார். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கினார்கள்.

சூரிச் வரும்வரைக்கும் அவர் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். "அக்கறையில கேட்டவரோ, அக்கா? இல்லாட்டி வெருட்டினவரோ?"

"குரல் எப்பிடி இருந்தது?"

"தோட்டத்தில கேக்கிற மாதிரித்தான் இருந்தது. பொலிஸ்காரர் கேக்கிற மாதிரியும் இருந்தது."

அவர் வீட்டு வாசலில் நான் திரும்பிப் போகப் பார்த்தேன். "நீங்களும் வாங்கோ அக்கா, இல்லாட்டி நான் சொல்லாமல் விட்டிடுவன்," என்றார். போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

செல்வராணி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். பேர்ணில் என்ன கேட்டார்கள் என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, முதல் தடவையாகத் தமிழில் சொன்னார். லொட்ஜ், அறை நம்பர், பக்கத்து அறையில் கேட்ட குரல். சொல்லும்போது வார்த்தைகள் தடக்குப்பட்டு, இடையிடையே டொச் வந்தது. அவள் பயற்றங்காயைக் கையில் வைத்தபடியே கேட்டாள். கத்துவாள், அல்லது மயங்கி விழுவாள் என்று நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன்.

அவள் கத்தவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தப் பொலிஸ் ஸ்டேசன்?"

அவர் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லைப் போல. திரும்பவும் கேட்டாள். திரும்பவும் சொன்னார். அந்த இடத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

"அண்ணையைப் பிடிச்சது எந்தப் பொலிஸ் எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றாள். அது கேள்வி இல்லை.

"ஓம்."

"அம்மா சாகுமட்டும் அண்ணையின்ர படத்தையும் கொண்டு கொழும்பில இருபத்தெட்டு இடம் ஏறி இறங்கினவ. இடங்களை எல்லாம் கொப்பியில எழுதி வைச்சிருந்தவ. போன் எடுக்கேக்கை எல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நீங்களும் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

கையிலிருந்த பயற்றங்காயை மேசையில் வைத்தாள்.

"அந்த ஒரு இடத்துக்குத்தான் அம்மா போகேல்லை."