கியோக்லான் மைக்கை நிறுத்தவில்லை

சின்ன வயதில் ஒரே ஒரு சொல்லுக்காகக் கூ கியோக்லானின் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். தேநீருக்கு வாத்தியார் சொல்லச் சொன்னது, அரசு கட்டாயமாக்கிய நாட்டு மொழியில், ‘சா’. அவள் வாயில் வந்ததோ வீட்டில் பேசும் ஹொக்கியன் சொல், ‘தே’. ‘நான் நாட்டு மொழி பேசவில்லை’ என்று எழுதிய அட்டையைச் சாயங்கால மணி அடிக்கும்வரை சுமந்தாள். அதற்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் அந்தச் சொல்லை அவள் உச்சரித்ததே இல்லை.

வளர்ந்ததும் தைவானின் கிழக்கே, லூயே பள்ளத்தாக்கில் தேயிலை ஆலையில் சேர்ந்தாள். வாடிய இலையை மோந்து பார்த்தே உருட்டலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் மைதானத்தில் மைக் பிடிப்பவளும் அவள்தான். குரல் கரும்புக்காடு தாண்டிக் கேட்கும். ஆனால் மைக்கில் நாட்டு மொழிதான் பேச வேண்டும் என்பது ஆட்டக்குழுத் தலைவர் யாங்கின் கண்டிப்பான உத்தரவு. ஆட்டக்காரரின் பெயரைப் படிப்பாள், எண்ணைப் படிப்பாள், மைக்கை நிறுத்திவிடுவாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த மொழி அரைகுறை.

1978இல், வெயில் கொளுத்திய ஒரு நாள், ஆலைக்கு ஒல்லாந்து வியாபாரி ஒருவர் வந்தார். கியோக்லான் ஊற்றிக் கொடுத்ததை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னார். அதற்குள்ளிருந்து ஒரு சொல் மட்டும் துள்ளி வந்து அவள் காதில் விழுந்தது.

“தம்பி, இவரு இப்ப என்ன சொன்னாரு?” என்று மொழிபெயர்ப்பாளனைக் கேட்டாள்.

“டீ ரொம்ப நல்லாருக்குன்னாரு, அக்கா.”

“அது இல்லப்பா. நடுவுல ‘தே’ன்னாரே!”

“அவங்க ஊர்ல டீக்கு அதான் பேரு.”

“அவங்க ஊர்லயா? அது எங்கம்மா வீட்டுல பேசுறதுடா!”

அவன் அதைச் சொல்ல, வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். அவருடைய முன்னோர் கப்பலில் வந்து ஹொக்கியன்காரர்களிடம் இலையை வாங்கினார்கள். இலையோடு சேர்த்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தரைவழியாக இலை போன நாடுகளில் பெரும்பாலும் ‘சா’, அவர்கள் கப்பல் போன நாடுகளில் ‘தே’. தமிழில் நாம் தேயிலை என்கிறோமே, அந்தத் ‘தே’யும் அதே ஹொக்கியன் கரையில் கப்பல் ஏறியதுதான்.

“இத்தன நாடு பேசுற பேச்சுக்கா என்னைத் தண்டிச்சாங்க?” என்றாள் கியோக்லான். அன்று முழுக்க அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். நகரத்து அணியிடம் ஆலை அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் முடிந்தது. ஓட்டத்தின் பாதி வழியில், இரண்டாம் முனையில் ஓர் ஆள். மட்டையோடு வந்தவன் கச்சாவ், ஆலையில் மூட்டை தூக்கும் அமிஸ் பழங்குடி இனத்து வாலிபன். கியோக்லான் வழக்கம்போல் பெயரைப் படித்தாள். மைக்கை மட்டும் நிறுத்தவில்லை.

“வர்றான் பாருங்க நம்மாளு!” என்று ஹொக்கியனில் முழங்கினாள். “தேயிலை மூட்டைய ரெண்டு ரெண்டா தூக்குறவன். இந்தப் பந்து அவனுக்கு எம்மாத்திரம்? வீசுறவரே, கை நடுங்குதா? ஆட்டம் முடிஞ்சு வாங்க, சூடா ஒரு தே தர்றேன்!”

தூங்கி வழிந்த கூட்டம் எழுந்து நின்றது. யாங் மேடைக்கு ஓடிவந்தார்.

“என்னம்மா பேசுற? மொதல்ல நிறுத்து!”

“உக்காருங்கண்ணே, மறைக்குது. பந்து வருது!”

இருவர் பேச்சும் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் கச்சாவ் விளாசினான். இரண்டாம் முனையில் நின்றவன் கடைசி முனைவரை ஓடி வந்து சேர, ஆட்டம் சமனானது. பத்தாவது இன்னிங்ஸில் ஆலை அணி தோற்றது என்பது உண்மைதான். தோற்றவர்கள்போல யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

யாங் அவளை விலக்கிவிட்டு, அடுத்து வந்த ஞாயிறு ஆட்டங்களில் வேறொருவனைப் பெயர் படிக்க வைத்தார். மூன்றாவது ஞாயிறு பெஞ்சுகள் காலி. திங்கட்கிழமை அவரே ஆலை வாசலில் வந்து நின்றார்.

“பேர மட்டும் நாட்டு மொழியில படிச்சிரு தாயி. மத்தது உன் இஷ்டம்.”

“மத்ததுதாண்ணே ஆட்டம்,” என்றாள் அவள்.

இருபத்திரண்டு வருடம் அந்த மைக் அவள் கையில் இருந்தது. ஹக்கா மொழி பேசும் வீட்டுப் பையன் ஆட வந்தால் ஹக்காவில் இரண்டு வரி பேசுவாள். கச்சாவைப் பிடித்து அமிஸ் மொழியும் கற்றுக்கொண்டாள். அதுவரை மைதானப் பக்கமே வந்திராத அவன் அம்மா, ஒருநாள் மண் அப்பிய காலோடு மேடையருகே வந்து நின்றார்.

“அவரைக்காய் பறிச்சுக்கிட்டிருந்தேன். எம்புள்ளையப் பத்தி எங்க பாஷையிலேயே சொன்னியே, போட்டது போட்டபடி வந்துட்டேன். எங்கடி அவன்?”

கியோக்லான் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டாள். “மூணாவது முனையில நிக்கிறான் பாரு பெரியம்மா,” என்று அமிஸ் மொழியில் மைக்கிலேயே சொன்னாள்.