பெருங்களத்தூர் டிராஃபிக்

இடுப்பு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் பஸ்ஸாகிவிட்டது. வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவதுண்டு, போகப்போகச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

இன்று மதியம் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார்.

"தள்ளும்மா, வண்டலூர் வந்துடுச்சு. நான் எறங்கணும்."

காலைக் கீழே வைத்தால் தொலைந்தது. இது பஸ் இல்லை, நான் உங்கள் மகள் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

"இன்னும் பெருங்களத்தூரே தாண்டலை. செம டிராஃபிக். வண்டி நகரவே இல்லை" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். கம்பியை விட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"இந்த எடம் எப்பவுமே பேஜாரு."

கொஞ்ச நேரம் கழித்து என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீயும் மாட்டிக்கினியாம்மா? வூட்ல தேட மாட்டாங்க?"

"போன் பண்ணிச் சொல்லிட்டேன் சார்."

அப்பாவிடம் 'சார்' தானாக வந்துவிட்டது. அழுகைதான் வரவில்லை.

சாயங்காலம் அவரைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். வழியில் ரோடு காலியாக இருந்தது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.