நூற்று எண்பத்தெட்டாம் தாள்

முதன்முதலில் அவரைப் பார்த்தபோது பாக்கெட் அடிக்க வந்த ஆள் என்று நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கு இது ஒன்றுமே இல்லை.

அப்போது நான் மெட்ரோ ரயில் அலுவலகத்தின் கலைப்பிரிவில் இருந்தேன். நிலையங்களில் உள்ள சுவர்ப்படங்களுக்கும் சிற்பங்களுக்கும் விளக்கம் எழுதுவேன். சனிக்கிழமை காலையில் முன்பதிவு செய்து வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையில் பெயரைவிடப் பட்டம் நீளம். அதை வாரம் ஒருமுறை நானே துடைப்பேன்.

பெரிய சந்திப்பு நிலையத்தின் நடைவழியில் எண்பதடி நீளத்துக்கு ஒரு சுவர் உண்டு. முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்த வானம். மேலே அடர்நீலம், கீழே வர வர வெளுப்பு. அண்ணாந்து பார்த்தால் தெரிவது போல இரு சிறகையும் விரித்து நாற்பத்தொரு பறவைகள். நாற்பது பறவைகள் வெளியே போகும் படிக்கட்டைப் பார்த்துப் பறக்கின்றன. ஒன்று மட்டும் எதிர்த்திசையில், ரயிலடியைப் பார்த்துப் போகிறது. அதைச் சுற்றி ஒரு முழச் சதுரத்துக்கு வானமும் மாறியிருக்கும்: மேலே வெளுப்பு, கீழே அடர்த்தி.

வரைந்த அம்மையார் படம் சுவருக்கு வருமுன்பே காலமாகிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. எனவே நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். "பிழைக்க வந்த கூட்டத்தில் ஒருவன் மட்டும் ஊரைத் திரும்பிப் பார்க்கிறான். திரும்பிப் பார்ப்பவனுக்கு வானமே வேறு." முதல் தடவை இதைச் சொன்னபோது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலாளர் அம்மா அதைக் கையேட்டில் அச்சிடச் சொன்னார். கீழே என் பெயர், பட்டத்துடன். ஒரு பிரதியை அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். எழுத்துக்கூட்டக்கூட வராத மனுஷன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்திக் காட்டினாராம். ஊருக்குப் போய் நானே எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் பின்னால்தான் அவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். துவைத்த சட்டை. ஆனால் பேண்ட்டின் இரண்டு முழங்காலும் சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்திருந்தன. மூன்று சனிக்கிழமை வந்தார். பறவை விளக்கம் முடிந்ததும் விருட்டென்று போய்விடுவார். நான்காவது வாரம் காவலரிடம் கண்ணைக் காட்டிவிட்டுக் கிட்டே போனேன்.

"அண்ணே, பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல சார். டிக்கெட் எடுத்துத்தான் உள்ள வந்தேன்."

"இது பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்."

"தெரியும் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த ஒத்தப் பறவை திரும்பிப் பாக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

எனக்குச் சுள்ளென்றது. "யாரும் சொல்ல வேண்டியதில்லைண்ணே. பார்க்கத் தெரியணும்."

அவர் தலையை ஆட்டினார். அப்புறம், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "அது திரும்பிப் பாக்கல சார். நான் தலைகீழா ஒட்டிட்டேன்."

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'ரசமட்டம்' என்று கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைப்பார்களே, உள்ளே குமிழி ஓடும் கருவி, அந்த ரசமட்டம்தான். அவருக்கு அது தேவையில்லை, கண்ணே போதும். பேச்சுக்கு நடுவில் எழுந்து போய் அடுத்தவர் வீட்டுக் காலண்டரை நேராக்கிவிட்டு வந்து உட்காருகிற ஆள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே என்னைப் பாக்கல. எங்க வீட்டு நிலைக்கதவு சாஞ்சிருக்குன்னு எங்கப்பாகிட்ட சொன்ன மகராசன்" என்று அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அந்தச் சுவர் வேலையைப் பற்றி ரசமட்டம் அன்றைக்கே நடைவழிப் படியில் உட்கார்ந்து சொன்னார். பட்டறையில் சில்லுகளைப் பழுப்புத் தாளில் குப்புற ஒட்டி அனுப்புவார்கள். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண், மேல்பக்கம் எது என்று காட்ட ஓர் அம்புக்குறி. பட்டறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒட்டுகிறவர்கள் எண்ணைத் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து எழுதிவிடுவார்கள். அதனால் எண்ணை நம்பக்கூடாது, அம்புக்குறியைத்தான் நம்பவேண்டும். சுவரில் கலவை பூசி, தாளை அமுக்கி, கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரில் நனைத்து உரித்தால்தான் படம் வெளியே வரும்.

"ஒட்டுறவனுக்குப் படம் தெரியாது சார். தாளு, நம்பர், அம்பு. அவ்வளவுதான். நூத்தி எண்பத்தெட்டாம் தாளை எடுக்கறப்போ கையுறை ஈரமா இருந்திருக்கு, நான் கவனிக்கல. அம்பு அழிஞ்சுபோச்சு. சுவர்ல பூசின கலவை இறுகிக்கிட்டே இருக்கு. பட்டறைக்குப் போன் போட்டா யாரும் எடுக்கல. மிச்சமிருந்த கோட்டைப் பாத்து இதுதான் மேலன்னு அமுக்கிட்டேன். உரிச்சுப் பாத்தா..." கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"அன்னிக்கே எடுத்திருக்கலாமே?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். சூப்பர்வைசர் சொன்னான், 'எட்டு நாள்ல திறப்பு. ஒத்தப் பறவை எந்தப் பக்கம் போனா உனக்கென்ன? அதுகிட்ட டிக்கெட்டா கேக்கப் போறாங்க?' எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உளியைக் கீழ வெச்சுட்டேன்."

அதன்பின் மூன்று வருடம் அந்த நிலையப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறினாலும் மாறினாரே தவிர அந்த வழியாக ரயிலேறவில்லை. அந்தப் பறவையைப் பற்றி நான் பேசுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பயந்துகொண்டே வந்திருக்கிறார்.

"வந்து கேட்டா பாராட்டுறீங்க. திட்டினாக்கூடத் தாங்கிப்பேன் சார். இது தாங்கல."

அடுத்த ஞாயிறு தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரு கூடம், ஒரு சமையலறை. தரை முழுக்க வேலைத்தலங்களில் மிஞ்சிய டைல்ஸ். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு, பளபளப்புக்குப் பக்கத்தில் சொரசொரப்பு. ஆனால் இடுக்குகள் வாசலிலிருந்து அடுப்பு மேடை வரை நூல் பிடித்தது போல நேராக ஓடின. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவே கூச்சமாக இருந்தது.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "நீங்கதான் அந்த ரயில்வே சாரா? நல்லதாப் போச்சு. எண்பதடி வானம் ஒட்டினேன்னு வாய் கிழியச் சொன்னாரு. ஊரெல்லாம் பாத்துட்டு வந்தாச்சு. கட்டினவளுக்கு மட்டும் காட்ட மாட்டேங்கறாரு. கேட்டா முட்டிவலி, கூட்டம், மழை. அந்த வானத்துக்குள்ள வேற எவளாவது குடியிருக்காளான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"சும்மா இருடி" என்றார் அவர். சிரிக்க முயன்று முடியாமல் தரையைப் பார்த்தார்.

மனைவி உள்ளே போனதும் அலமாரிமேல் இருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே நீலச் சில்லுகள், அடர்த்தியும் வெளுப்பும் தனித்தனிப் பொட்டலமாக.

"தண்ணிக் கசிவை அடைக்க நடைவழியைப் பன்னிரண்டு நாள் மூடப் போறாங்களாமே. சாரம் எப்படியும் கட்டுவாங்க. ஒரு நாள் விட்டாப் போதும் சார். அந்தச் சதுரத்தை எடுத்துத் திருப்பி வெச்சுடுவேன். உடையற சில்லுக்கு இது இருக்கு. கூலி வேணாம். ஒட்டினவன் நான், திருப்பறவனும் நானாத்தான் இருக்கணும். அப்புறம் இவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவேன். நீங்க ஒரு வார்த்தை எழுதினா நடக்கும்."

எழுதுகிறேன் என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்பை எடுத்தேன். அம்மையாரின் வண்ண வரைபடம் நான்காக மடித்து உள்ளே இருந்தது. அதை விரித்து விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்தொரு பறவையும் ஒரே பக்கம், படிக்கட்டைப் பார்த்து. விளக்கம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் அதை விரித்துப் பார்த்ததில்லை. பார்க்கத் தெரியவேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தியவன் நான்.

அன்று மாலையே மேலாளர் அம்மா கூப்பிட்டார். "சுவர்ல திருத்தம் ஏதாவது வேணுமான்னு பொறியாளர்கள் கேக்கறாங்க. கையேடும் ரெண்டாம் பதிப்புக்குப் போகுது. ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துடுங்க."

மேசையில் உட்கார்ந்தேன். கையேட்டில் என் பெயர் இருந்தது. அப்பாவின் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. எழுதினேன்: "திருத்தம் தேவையில்லை. சுவர்ப்படம் மூல வரைபடத்துடன் பொருந்துகிறது."

"வரைபடத்தைப் பார்த்துட்டீங்கல்ல?"

"பார்த்துட்டேன் மேடம்."

பார்த்துவிட்டேன் என்பது உண்மை. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படித்த பிள்ளை எழுதியது என்ற நம்பிக்கை.

ரசமட்டத்துக்குப் போன் செய்து, "மேலிடத்துல ஒத்துக்கலண்ணே" என்றேன்.

எங்கோ டைல்ஸ் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பரவால்ல சார். எனக்காக எழுதிக் கேட்டீங்களே, அதுவே பெருசு. இந்தக் காலத்துல யாரு செய்யறா?" என்றார்.

போனை வைத்துவிட்டு வரைபடத்தை மறுபடி நான்காக மடித்துக் கோப்புக்குள் வைத்தேன்.

கசிவு வேலை முடிந்து நடைவழி திறந்த முதல் சனிக்கிழமை அவர் வந்தார். இந்த முறை பதிவு செய்து, மனைவியோடு. "இனிமே மாறாதுன்னு ஆயிடுச்சு. எத்தனை நாளைக்கு மறைக்கறது? உங்க வாயால நாலு வார்த்தை நல்லதா சொன்னா இவளுக்கும் சந்தோஷம்" என்று காதோரம் சொன்னார். மனைவி புதுச்செருப்பு போட்டிருந்தார். சுவரைத் தொடலாமா என்று காவலரைக் கேட்டுவிட்டு, ஒரு விரலால் தடவினார். "அடேயப்பா, இதெல்லாம் நீங்களா?"

அன்றைக்கு அந்தப் பறவையைச் சொல்லாமல் தாண்டினேன். கையேடு வைத்திருந்த ஒரு கண்ணாடிக்காரப் பெண்மணி விடவில்லை. "சார், திரும்பிப் பார்க்கும் பறவையை விட்டுட்டீங்களே! அதுக்காகத்தான் வந்தேன்."

சொன்னேன். எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். வாய் பழக்கத்தில் அதுவாகவே சொல்லிவிட்டது. கூட்டம் 'ஆகா' என்றது.

மனைவி கணவரின் முழங்கையை இடித்தார். "இவ்வளவு பெரிய விஷயத்தையா என்கிட்ட மறைச்சீங்க?"

அவர் ஒரு நிமிடம் அந்தச் சதுரத்தையே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெரிய விஷயம் இல்ல. நான் தப்பா ஒட்டினது. தாள் தலைகீழாப் போயிடுச்சு. வானத்தைப் பாரு, கீழ இருக்க வேண்டிய வெளுப்பு மேல இருக்கு."

யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். "ஐயா, நீங்க வேலைதான் செஞ்சிருப்பீங்க. அதுக்குள்ள இருக்கற அர்த்தம் வேற. சார் படிச்சவர், அவரையே கேளுங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அவர் முகமும். அதில் கெஞ்சல் இல்லை. வேலைத்தலத்தில் 'மட்டம் சரியா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார்களே, அப்படி நின்றார். தனக்காக எழுதிக் கேட்ட ஆள், இப்போதும் உண்மையைச் சொல்வான் என்ற நிற்பு.

நான் சொன்னது இது: "கலையைப் பலரும் பலவிதமா பார்க்கலாம்."

நடைமேடையில் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மனைவி என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். வீட்டில் டீ கொடுத்த கண் இல்லை அது. "வாங்க போலாம்" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். படிக்கட்டு ஏறும்போது அந்த அம்மா சொல்வது என் காதில் விழுந்தது. "தலைகீழா இருந்தா இருக்கட்டும். மீதி முன்னூத்திச் சொச்சமும் நேராத்தானே இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் பஸ் மாறினீங்க?"

திங்கட்கிழமை காலையில் மேலாளர் அம்மா முன்னால் வரைபடத்தை விரித்து வைத்தேன். பக்கத்தில் என் குறிப்பையும் வைத்தேன். அவர் பறவைகளை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். "சாரம் பிரிச்சு நாலு நாள் ஆச்சு. இப்ப வந்து சொல்றீங்க" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரசமட்டம் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நடைவழியை மறுபடி மூட மூன்று வருடம் ஆகும் என்று பொறியாளர்கள் எழுதிவிட்டார்கள். கையேட்டிலிருந்து என் வாக்கியம் போனது. சனிக்கிழமைக் கூட்டம் வேறொருவர் கைக்குப் போனது. அப்பா மட்டும் பழைய கையேட்டை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வரைபடத்தின் வண்ணப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, ரசமட்டம் வேலை செய்த கட்டடத்துக்குப் போனேன். கழிவறைத் தரையில் மண்டியிட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். மேலிடத்தில் யாரும் மறுக்கவில்லை, நான்தான் பொய் எழுதினேன் என்று நின்றபடியே சொன்னேன். கலவை பூசும் கரணையைக் கீழே வைக்காமல் கேட்டார். கடைசிவரை என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அந்தப் படத்துல நூத்தி எண்பத்தெட்டு எப்படி இருக்கு?"

காட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா. இப்படித்தான் இருக்கணும்" என்றார். மடித்துப் பையில் வைத்தார். "கலவை காயுது தம்பி. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டவர்.

இப்போது அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தரை போடுகிறார். பஸ் மாறுவதில்லை. தினமும் காலையில் அந்தச் சந்திப்பு வழியாகத்தான் ரயிலில் போகிறார். இடது முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார். பிஸ்கட் டின் அலமாரிமேல் இருக்கிறது. நடைவழியை மூட இன்னும் இரண்டு வருடம் நாலு மாதம் இருக்கிறது.