சொந்த வேர் மாமரமும் ஒரு பல்செட்டும்

பழம் தின்று கொட்டை போட்டவர் என்றால் கைதேர்ந்தவர் என்று பொருள். எங்கள் தெருப் பல்செட்டுக்காரர் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழம் தின்பார், கொட்டையைப் போடுவார். அவ்வளவுதான்.

அவருடைய பட்டறையில் பல்செட் ஊற வேண்டிய கிண்ணங்களில் பாதியில் விதைதான் ஊறும். செட் வாங்க வந்த ஒருவர், முளைவிட்ட ஆரஞ்சு விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது கோரைப்பல்லா?" என்று கேட்டதாகக் கேள்வி.

"ஒட்டுக்கன்னு வாங்கி வச்சா சீக்கிரம் காய்க்குமே?" என்று நானே ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"பொழுது விடிஞ்சா பொழுது போனா பல்ல ஒட்டுறதுதானே சார் என் பொழப்பு? வீட்லயாவது ஒண்ணு சொந்த வேர்ல நிக்கட்டுமே."

அப்படி நின்றது கொல்லைப்புறத்து மாமரம். மச்சான் வீட்டில், அதாவது மனைவியின் அண்ணன் வீட்டில், தின்ற பழம் தேனாக இருந்ததாம். கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இவர் வைத்தார், ஊற்றியது மனைவி, கூடவே வசவும். மரம் இரண்டையும் குடித்து வளர்ந்தது. அவர்கள் பெண் படித்து முடித்து, கல்யாணமாகிப் போன பிறகும் பூக்கவில்லை. "இந்த வீட்ல வெட்டியா நிக்கிறதுல இது ரெண்டாவது," என்பாள் மனைவி. முதலாவது யார் என்று அவர் கேட்டதில்லை.

இந்த வருஷம் மச்சான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அளவு டேப்போடு வந்து இறங்கினார். "மரத்த எடுத்துட்டு அங்க ஒரு ரூம் போட்டுக்கறேன். காலம் பூரா தங்கச்சி சமையல்தான்!"

மனைவியால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அண்ணனாயிற்றே. அந்த நேரம் பார்த்து மரத்தில் முதன்முதலாக நாலு காய் பழுத்திருந்தது. மச்சான் தீர்ப்புச் சொன்னார்: "இனிச்சா நிக்கட்டும், புளிச்சா வெட்டிடுவோம். நியாயந்தானே மாப்ளே?"

"அப்படியே உங்க வீட்டுப் பழந்தான் மச்சான், பாருங்க," என்று ஆசையாக நறுக்கிய பல்செட்டுக்காரர் முதல் துண்டை வாயில் போட்டார். இடது கண் தானாக மூடிக்கொண்டது. உலகத்துப் புளிப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

மனைவியும் ஒரு துண்டு மென்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"தேனுங்க," என்றாள். மரம் பிறந்ததிலிருந்து அவளிடம் வாங்கிய முதல் நல்ல வார்த்தை.

தன் துண்டை மென்ற மச்சான் குழம்பினார். "எனக்கு என்னமோ பல்லு கூசுற மாதிரி புளிக்குதேம்மா?"

"உங்களுக்கு ஏது அண்ணே பல்லு? மேல் செட்டு வாய்க்கூரையவே மூடியிருக்கு. ருசி எங்கேருந்து தெரியும்?"

செட் செய்தது யார்? இவர்தான். தன் செட் போட்டால் ருசியில் ஒரு இம்மி குறையாது என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சத்தியம் செய்கிறவர்.

மச்சான் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மாப்ளே. கோளாறு பழத்துலயா, செட்டுலயா?"

பல்செட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"செட்டுலதான் மச்சான். மேல கொஞ்சம் தடிமனா வச்சுட்டேன்."

மச்சான் டேப்பைச் சுருட்டினார். "பல்லே ஒழுங்கா கட்டத் தெரியல. இங்க ரூம் கட்டினா விளங்கினாப்லதான்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையசைத்த மனைவி, உள்ளே ஓடி வாயைக் கொப்பளித்தாள்.