ஹபீப் ரகுமானின் மூக்கு

ஹபீப் ரகுமான் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களுக்கு அவர் மனைவி லத்தீபாவால் கடைசி வரை ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. "சார்ஜாவுல சோப்புக் கடையில இருக்காக" என்பாள். துணி சோப்பு மூட்டை தூக்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கேட்டவர்கள் பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவர் இருந்தது, ஆண்கள் சவரம் செய்துகொள்ளும் சோப்பும் தோலுக்குத் தடவும் எண்ணெயும் மட்டுமே விற்கிற கடை. சோப்பு மரக்கிண்ணத்தில் இருக்கும், எண்ணெய் கண்ணாடிப் புட்டியில். இரண்டையும் ஒருவர் வாங்கும் காசில், ஊரில் செக்காலையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத மளிகை வந்துவிடும். அந்தக் கடையில் அவர் இருபத்து மூன்று வருடம் நின்றார். நின்றார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், விற்கிறவர்கள் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் விதி.

நின்று நின்று கால் கெட்டது, ஆனால் மூக்கு தேறியது. மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இது பாதாம், இதில் சந்தனம் கொஞ்சம், இது சந்தனமே இல்லை, சந்தனம் மாதிரி ஒன்று என்று பிரித்துச் சொல்லிவிடுவார். புதுச் சரக்கு எடுக்கும்போது முதலாளி இவர் மூக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டாராம்.

கல்யாணமாகி முதல் விடுமுறையில் வந்தபோது, லத்தீபாவை முன்னால் உட்காரவைத்து ஒரு வித்தை காட்டினார். இடது கன்னத்தில் பத்து ரூபாய் கிரீம், வலது கன்னத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த துண்டு சோப்பு. பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி இரண்டு பக்கமும் நுரை எழுப்பி மழித்துவிட்டு, "எது வெல கூடுனது, தொட்டுச் சொல்லு" என்றார். புதுப்பெண் வெட்கத்தில் விரல் நுனியால் தொட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணு போலத்தேன் இருக்கு" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்புட்டுத்தேன் புள்ள. நொரையில வித்தியாசம் இருக்கு, வாசத்துல இருக்கு. மறுநாள் காலையில கன்னத்துக்கு வெல தெரியாது. முக்காவாசி காசு கிண்ணத்துக்கும் பொட்டிக்கும்."

அப்படிப்பட்ட மனிதர், வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் எல்லாரும் கொண்டுவருகிற சாதாரண வாசனைச் சோப்புதான். அதையாவது லத்தீபா கரைத்தாளா? எடுத்துப் பீரோவுக்குள் சேலை மடிப்புகளுக்கு நடுவில் வைத்துவிடுவாள். சொந்தத்தில் கல்யாணம் வந்தால் இரண்டு எடுத்துக் கொடுப்பாள், பெருநாளன்று ஒன்றைப் பிரிப்பாள். வெளிநாட்டுச் சாமான் வருகிற வீடுகளில் பெண்கள் பாதிப்பேர் இப்படித்தான். "நான் சோப்பு வாங்கியாரது ஒனக்கா, ஒஞ் சேலைக்கா?" என்று ஹபீப் ரகுமான் ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பார். அவளும் ஒவ்வொரு விடுமுறையிலும் சிரித்து வைப்பாள்.

ஐம்பத்து நான்காவது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, அவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஒன்று விட்டு ஒரு நாள் ஆட்டோவில் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அரிப்பு. தோல் வறண்டு, உள்ளேயிருந்து கிளம்புகிற அரிப்பு. சொறிந்து சொறிந்து கெண்டைக்காலில் ரத்தம் கசியும். இந்த நோயோடு வருவதுதான் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், தோல் காயாமல் எதையாவது தடவச் சொன்னார். லத்தீபா தேங்காயெண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தாள். ஒரு மணி நேரம் அடங்கும், பிறகு பழையபடி ஆரம்பித்துவிடும். தன் புருஷன் தன் தோலையே கிழித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைப் போலக் கொடுமை அவளுக்கு வேறு இல்லை.

அப்போதுதான் சார்ஜாக் கடையில் கூட வேலை பார்த்த இனாமுல் ஹசன், விடுமுறையில் பார்க்க வந்தவர், ஒரு எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஹபீப் ரகுமான் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இத விக்கிறதுதேன் எந் தொழிலு. தேய்க்கிறது இல்ல."

"காசா பணமா, சும்மா வந்தது. ஒரு கால்ல தேச்சுப் பாப்பம்" என்றாள் லத்தீபா. வலது காலுக்குப் புட்டி, இடது காலுக்குத் தேங்காயெண்ணெய். பழைய கன்னப் பரீட்சை இப்போது காலுக்கு வந்தது. நான்காம் நாள் காலையில் அவர் வலது காலைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கால் தூங்குது லத்தீபா. அந்தக் கால்தேன் முழிச்சுக் கெடக்கு." பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்தார். "இருவத்தி மூணு வருசம் பொய் சொல்றோம்னு நெனச்சுக்கிட்டே நெசத்த வித்திருக்கேன் போல."

உடம்பெல்லாம் தேய்த்தால் ஒரு புட்டி ஒரு மாதம் தாங்கியது. தீரப்போகிற சமயத்தில், திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் சுஹானாவிடம் சொல்லி லத்தீபா இன்னொன்று வரவழைத்தாள். இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மகள் கொடுக்கிறேன் என்றதை வேண்டாம் என்றுவிட்டுத் தானே கொடுத்தாள். ஜாக்கெட் தைத்துதான் அவள் வீட்டை ஓட்டுகிறாள். லைனிங் வைத்துத் தைத்தால் நூற்றைம்பது. ஆக ஒரு புட்டிக்குப் பதினாறு ஜாக்கெட். மெஷினை மிதித்துக்கொண்டே ஒரு நாள் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், அவர் உள்ளே படுத்திருப்பதை மறந்து.

புட்டி வந்தது. பெட்டியைப் பிரிக்கக் கை வரவில்லை. பதினாறு ஜாக்கெட்டை ஒரே மாதத்தில் காலில் தேய்த்துக் கரைப்பதா? ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரியாக மூன்று மாதம் இருந்தது. பெருநாளன்று பிரித்துக்கொள்ளலாம் என்று சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். அதுவரைக்கும் என்ன செய்வது? செக்காலை ரோட்டில் வாங்கிய செக்குத் தேங்காயெண்ணெயில் ஒரு கரண்டி பாதாம் எண்ணெய் விட்டு, மூன்று சொட்டு அத்தர் சேர்த்துப் பழைய புட்டியில் ஊற்றிக் குலுக்கினாள்.

"புதுசு வந்திருச்சு" என்று நீட்டினாள். அவர் மூடியைத் திறந்து மோந்தார். மூக்கை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வாசலில் கிடந்த மெஷினைப் பார்த்தார். அதன் மேல் வெட்டிப்போட்ட துணி குவிந்திருந்தது.

"பழசவிட இது நல்லா இருக்கு. குடுத்த காசு தகும்" என்றார்.

இருபத்து மூன்று வருடம் எதையும் தகும் என்று சொல்லாத மனிதர்! லத்தீபாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சுஹானாவுக்குப் போன் போட்டு, "ஒங்க அத்தா மூக்கையே ஏமாத்திட்டேன்டி" என்று சிரித்தாள். புட்டி தீரத் தீர அதே கலவையைக் கலந்து ஊற்றினாள். அவர் அதன் பிறகு சொறியவும் இல்லை. தன் கைப்பக்குவம்தான் என்று அவள் பூரித்துப்போனாள். கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற ஒரு புதுப்பழக்கம் அவருக்கு வந்திருந்தது. குளிர் போல என்று போர்வையை எடுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற துண்டுகள் மட்டும் நடுவில் நைந்து நைந்து வந்தன. "கட்டில் கடிக்குதா என்ன, மாசத்துக்கு ரெண்டு துண்டு போகுது!" என்று அவரைக் கடிந்துகொண்டாள்.

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

லத்தீபா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. பெண்கள்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரத்தில் வீரலட்சுமி வந்தாள். டயாலிசிஸ் அறையில் ஊசி குத்தி மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண், பள்ளத்தூர்க்காரி. அழுது முடித்து, தேநீர் குடித்து, கிளம்பும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்த அரிப்போட அவுக பட்ட பாடு இருக்கே, அத நெனச்சாத்தேன்மா எனக்கு ஆறல."

"அரிப்புத்தேன் நின்னுபோச்சேம்மா" என்றாள் லத்தீபா.

வீரலட்சுமி விழித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். லத்தீபா விடவில்லை.

"வெளிநாட்டு எண்ணெய் தேச்ச ஒரு மாசம் நின்டுச்சும்மா. அப்பறம் முன்னவிடக் கூட. வந்து படுத்ததும் துண்ட முறுக்கி வெச்சு நாலு மணி நேரமும் தேச்சுக்கிட்டே இருப்பாக. நகம் படவிட மாட்டாக. நகம் பட்டா வீட்ல தெரிஞ்சிரும்பாக. வீட்டுல கைய அடக்கி வெச்சிருக்கேன், இங்குட்டு வந்துதேன் அவுத்து விடுறேன்னு சிரிப்பாக." அவள் குரல் இறங்கியது. "தேங்காயெண்ணெயில மூணு சொட்டு அத்தரு, எனக்கா தெரியாதும்பாக. ஒரு புட்டிக்குப் பதினாறு ஜாக்கெட்டு மிதிக்கணும், அவ கால் போயிரும்பாக."

லத்தீபாவுக்கு அழுகை வரவில்லை. நைந்த துண்டுகளும், தொடைக்கடியில் வைத்த கைகளும், குடுத்த காசு தகும் என்ற அந்த ஒரு சொல்லும் வரிசையாக வந்து நின்றன. அவர் கட்டிலிலிருந்து நாலு எட்டில் பீரோ. அதற்குள் அந்தப் புட்டி, அவ்வளவு நாளும், பிரிக்காமல்.

எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். சேலை மடிப்புக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தாள். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடக் கலையவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே வீரலட்சுமியிடம் திரும்பி வந்தாள்.

"அங்கன இன்னும் யாருக்காச்சும் இப்படி அரிக்குதாம்மா?"

"நேமத்தான்பட்டியில இருந்து அம்மாக்கண்ணுன்னு ஒரு அம்மா வாராக. அவுகளுக்கு ரொம்ப மோசம்."

லத்தீபா பெட்டியை அவள் கையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"இது கலப்பு இல்ல, கடையில வாங்குனதுன்னு சொல்லு. இன்னைக்கே பிரிச்சுத் தேச்சுக்கச் சொல்லும்மா. நீயே பக்கத்துல நின்டு பிரிக்க வையி. தீபாவளிக்கு ஆகட்டும்னு பொட்டிக்குள்ள வெச்சிரப் போறாக."