ஓரடி மட்டும்

வடக்கனந்தல் சுப்புராயன் முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். அவற்றுள் பத்தொன்பது ஆண்டுகள் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் வண்டியிலேயே கழிந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், பதிகங்களையும் பாசுரங்களையும் தாமே கற்றார். சட்டைப்பையில் ஒரு தாளில் நான்கடி எழுதி வைத்துக்கொள்வார். மலை வளைவுகள் முடிவதற்குள் அது மனத்தில் ஏறிவிடும். "பாட்டு கண்டக்டரு வராரு, சில்லறையோட பக்தியும் எடுத்து வைங்க" என்று மலைச் சனங்கள் கேலி செய்வதுண்டு.

ஓய்வுக்குப் பின் வாட்ஸ்அப்பில் பாராயணக் குழு ஒன்றைத் தொடங்கினார். நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்தார்கள். பிறர் எழுத்துக்கு மறுமொழி தருவோர் அதை முழுவதும் மீண்டும் ஒட்டக் கூடாது. ஓரடியை மட்டும் மேலே வைத்து, தம் கருத்தைக் கீழே எழுத வேண்டும். இதுவே அவர் வகுத்த முதல் விதி. பாட்டின் தொடக்கத்தைச் சொன்னால் போதும், எஞ்சியது கேட்பவர் நெஞ்சில் இருக்கும் என்பது பாடம் ஓதுவோர் வழக்கம். அந்த வழக்கத்தையே அவர் இங்கும் கொண்டுவந்தார். விதியை மீறுவோருக்கு, "வூட்டு சாமானெல்லாம் ஏத்திக்கினு வராதீங்க, சீட்டு ஒண்ணுதான்" என்று எழுதுவார்.

குழுவில் கோகிலவாணி என்றொரு அம்மையார் இருந்தார்; கள்ளக்குறிச்சியில் தையல் வேலை செய்பவர். அவர் கணவர் செல்லமுத்து சிறுநீரகம் பழுதாகி எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். மகன் பிரவீன்குமார் உளுந்தூர்பேட்டையில் லாரி பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். நல்ல சொல் காதில் விழட்டும் என்று தாயே அவனையும் குழுவில் சேர்த்திருந்தார்.

இறைவனிடம் அடியார் முறையிடலாமா என்று ஒருநாள் காலையில் உரையாடல் எழுந்தது. கோகிலவாணி மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து பன்னிரண்டு வரிகள் எழுதினார். படித்து முடித்தபோது சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து ஓரடியை எடுத்து அவர் பெயரோடு மேலே வைத்தார்: "சாமி, இவரக் கூட்டிக்கோன்னு வாய் விட்டுக் கேட்டுட்டேன்." அதன் கீழ், உரிமை மிக்க அன்பே இப்படிக் கேட்கும் என்று நீண்ட உரை எழுதி அனுப்பினார். அதற்குள் கோகிலவாணி நாணப்பட்டுத் தம் செய்தியை நீக்கியிருந்தார். சுப்புராயன் அதைக் கண்டார். எனினும் தம் உரையை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அது நன்றாக அமைந்திருந்தது.

ஒன்பதாம் நாள் செல்லமுத்து இறந்தார். குழுவில் வந்த இரங்கல்களைப் படித்துக்கொண்டே பழைய செய்திகளுக்குச் சென்ற பிரவீன்குமார், தாயின் பெயரோடு நின்ற அந்த ஓரடியைக் கண்டான். பதினாறாம் நாள் சடங்கைச் செய்துவிட்டுத் தாயிடம் ஒரு சொல்லும் பேசாமல் பேருந்து ஏறினான். அந்த ஓரடியை மட்டும் அவருக்கு அனுப்பினான்; அதன்பின் அவர் அழைத்தால் எடுப்பதில்லை.

கோகிலவாணி சுப்புராயனை அழைத்தார். "நான்தான் அழிச்சிட்டேனே அண்ணா, நீங்க ஏன் வெச்சிருந்தீங்க?"

"ஒரு அடிதானேன்னு இருந்துட்டேம்மா."

"அந்த ஒரு அடிதாண்ணா அவங்கிட்ட இருக்கு. மீதி எங்கிட்டயே இல்ல. அழுதுக்கினே எழுதுனது, இன்னா எழுதுனேன்னே தெரியல."

மறுநாள் காலை சுப்புராயன் உளுந்தூர்பேட்டைக்குப் போனார். பட்டறையில் பிரவீன்குமார் லாரியின் அடியிலிருந்து வெளியே வந்தான்.

"சமாதானம் பேச வந்தீங்களாய்யா?"

"தப்பு என்னுதுப்பா. உங்கம்மா நெறைய எழுதியிருந்தாங்க. நான் ஒரு வரிய மட்டும் பிச்சி எடுத்துட்டேன்."

"நெறையன்னா இன்னா?"

"அவரு வேதனையப் பாக்க முடியாமதான் அப்டிக் கேட்டாங்க. அடுத்த வரியிலேயே, தெரியாம கேட்டுட்டேன், அவருக்குப் பதிலா என்னைக் கூட்டிக்கோன்னு..."

"இது நீங்க சொல்றது. எங்கம்மா எழுதுன வார்த்தைய சொல்லுங்க. ரெண்டாயிரம் பாட்டு மனப்பாடம்னு அம்மா சொல்லும்."

சுப்புராயன் கண்களை மூடினார். பொருள் வந்தது, துயரம் வந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. பதிகங்களைச் சீர் பிறழாமல் நெஞ்சில் ஏற்றியவர், அந்தப் பன்னிரண்டு வரிகளை ஒருமுறை மட்டுமே படித்திருந்தார். தாமே இட்டுக்கட்டி, இதுதான் உன் தாய் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். பாடத்தில் பொய் சேர்க்க அவர் நா எழவில்லை.

பிரவீன்குமார் வெகுநேரம் காத்திருந்தான். "அந்த ஒரு வரி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, இல்ல?" என்று சொல்லிவிட்டு மீண்டும் லாரியின் அடியில் புகுந்தான்.

பேருந்து நிலையத்திலிருந்து கோகிலவாணிக்குத் தொலைபேசினார்.

"நீங்க எழுதுனத பையன் கேட்டான்மா. எனக்கு வரல."



"புள்ள எளச்சிருக்கானா அண்ணா?"

சுப்புராயன் பட்டறையை நினைத்துப் பார்த்தார். அங்கே பிரவீன்குமாரின் கரி படிந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.