சிலந்திக் குப்பி

என் சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது அந்தக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டைகள். கடலூரில் எங்கள் வீட்டு ஷோகேஸில், பையன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே மாமாவின் கையெழுத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். எங்களுக்கு அது சிலந்தி மருந்து, அவ்வளவுதான்.

மாமா என்றால் என் மாமனார். சிதம்பரத்தில் வீட்டின் முன்அறையிலேயே ஹோமியோபதி பார்த்தவர். நானோ கடலூரில் இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்திருப்பவன். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு என் கிண்டலையெல்லாம் பொறுத்துக்கொண்டார். எங்கோ கியூபாவில் திரிகிற சிலந்தியிலிருந்து இந்த மருந்தை எடுத்து, சிலந்தியின் வாசனைகூட மிஞ்சாத அளவுக்கு நீர்க்க நீர்க்கக் கலக்குவார்களாம். "நம்ம ஊட்டு ஒட்டடைச் சிலந்தி ஆவாதா மாமா?" என்பேன். சிரிப்பார். சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து, சர்க்கரை வியாதியோடு பிடரியில் ராஜபிளவை வந்து, நீலம் பாய்ந்து நெருப்பாக எரிகிறது என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பார். கொடுத்த கையோடு, ஆஸ்பத்திரிக்கும் போய்க் கீறிக்கொள்ளச் சொல்லி விரட்டுவார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அந்த மருந்துக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று அவர்கள் வைத்தியத்தில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உயிர் பிரியாமல் புரண்டு புரண்டு தவிப்பவர்களின் தவிப்பை அடக்குமாம். பெரிய டாக்டர்கள் கைவிரித்த வீடுகளிலிருந்து மாமாவைத் தேடி ஆள் வரும். பையிலிருந்து அவர் அந்தக் குப்பியை எடுத்தாலே போதும், அந்த வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். மருந்து கேட்டதா இல்லையா என்று நான் அவரிடம் விசாரித்ததில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதெல்லாம் தெரியாதா என்ன? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உருண்டைகளை விரல் படாமல் காகித மடிப்பில் தட்டித் தட்டி நிரப்பியவரே அவர்தான். எந்தக் குப்பி எந்த வரிசையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, காற்று வரட்டும் என்று கட்டிலை முன்அறையில் போட்டோம். எப்பேர்ப்பட்ட மடத்தனம்! படுத்தால் நேர் எதிரே மருந்தலமாரி.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தது, நான் கடையிலிருந்து கொண்டுபோனது, எதற்கும் அந்த வலி அடங்கவில்லை. மாமா எழுந்து அலமாரிவரை போவார். அத்தையின் கண்ணும் கூடவே போகும். வேறு எதையோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். பார்க்கப் பொறுக்காமல், எல்லாமே ஒரே இனிப்பு உருண்டைதானே, வேறு குப்பியில் மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று சமையல்கட்டில் வைத்துச் சொன்னேன்.

"அந்த எடத்துல கை வச்சாலே அவளுக்குத் தெரிஞ்சிடும் மாப்ள," என்றார்.

கடைசியில் ஒரு மத்தியானம் அத்தையே கேட்டுவிட்டார். "ஊருக்கெல்லாம் குடுத்தீங்க, எனக்கு மட்டும் ஏங்க ஒளிக்கிறீங்க? அத எடுங்க. முடியல."

மாமா எடுத்தார். எத்தனையோ வீடுகளில் ஒன்றைக்கூடச் சிந்தாத கையிலிருந்து உருண்டைகள் தரையெல்லாம் சிதறின. மிச்சத்தில் கொஞ்சம் தட்டி அத்தையின் நாக்கில் போட்டார். தவிப்பு அடங்கியதா என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. புரள்வது நின்றது, முனகல் நிற்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அத்தை போய்விட்டார். கீழே விழுந்த மருந்தைத் தொடக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு. யாரும் தொடாமல், துக்கத்துக்கு வந்தவர்களின் காலடியில் அவை நொறுங்கிப்போயின. அதற்குப் பிறகு மாமா யாருக்கும் வைத்தியம் பார்க்கவில்லை.

இப்போது அவர் எங்களோடு இருக்கிறார். நுரையீரல் கெட்டுவிட்டது. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். கடை நிறைய மருந்து வைத்திருந்து என்ன பிரயோஜனம்? சிதம்பரத்தில் செய்த தப்பை மறுபடி செய்யக்கூடாது என்று என் மனைவி தன் அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறாள். ஷோகேஸ் அவர் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. குப்பியைத் தூக்கி எறியத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

இன்று காலை அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"மாப்ள, கட்டில கொஞ்சம் திருப்பிப் போடுங்க. படுத்தா அது தெரியணும்."

நிமிர்ந்து ஷோகேஸைப் பார்த்தேன். கோப்பைகளுக்குப் பின்னால் அந்தக் குப்பி தெரிந்தது. "அவ வந்துடட்டும் மாமா," என்று மட்டும் சொன்னேன்.